சந்தேகம் வேற, இது வேற

இல்லைங்கக்கா, நீங்க கேட்டது தப்பே இல்ல. பொண்ணு எடுக்குற எடத்துல விசாரிக்காம இருப்பாங்களா? பக்கத்து வூட்டு மாரியம்மாள்தான சொல்லிச்சு? அதான பாத்தேன். எங்க வூட்டு சேதி என்னைவிட அதுக்குத்தான் நல்லாத் தெரியும். வெண்பாவோட அம்மாவுக்கு சந்தேக வியாதி, நாளைக்குப் பொண்ணுக்கும் வந்துடும்னு சொல்லியிருக்கும். நிச்சயத்துக்கு நாள் குறிக்கிற நேரம் பாத்து நல்ல காரியம் பண்ணியிருக்குது. காபியைக் குடிங்க, ஆறிடும். சம்பந்தின்னு கூப்புடுறதா, அக்கான்னே கூப்புடுறதான்னு உங்க பதிலைப் பொறுத்துதான் இருக்குது.

வெண்பா பின்னாடி பாத்திரம் கழுவுறா, அவ காதுல வுழாது. உங்க பையன் திலீபன் வெளிய காருகிட்ட நின்னு போன் பேசிக்கிட்டு இருக்காரு. எனக்கு இங்கேருந்தே தெரியுது. ஆமா, அதுக்குத்தான் இந்த சேரை வாசலைப் பாத்தாப்புல போட்டு வச்சிருக்கேன். முதுகுக்குப் பின்னால செவுரு இருந்தாதான் எனக்கு சோறு எறங்கும். இதையும் சொல்லிச்சா? சரியாப் போச்சு.

மறைக்க என்னங்க இருக்குது. எங்க வூட்டுக்காரரு குடிப்பாரு. குடிச்சா அடிப்பாரு. அவரு செத்து வருஷம் பல ஆயிடுச்சு, ஒடம்புக்குத்தான் அந்த சேதி இன்னும் வந்து சேரல. வாசல் கேட்டு தொறக்குற சத்தம் வந்தா அடுப்பை அணைச்சிட்டு செவுத்தோட ஒட்டிக்குவேன். செருப்பு சத்தத்தை வச்சே யாரு, என்ன கோவத்துல வராங்கன்னு சொல்லிடுவேன். தொழிற்பேட்டையில எனக்கு வேலையே இந்தக் காதாலதான். சூளையிலேருந்து வர்ற பீங்கான் சாமானைத் தட்டிப் பாக்குற வேலை. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் சத்தம் காட்டிக் குடுத்துடும். கம்பெனியில கனகா மாதிரி ஆளு கெடையாதும்பாங்க. அதே காதைத் தெருவுக்குக் கொண்டாந்தா பைத்தியம்.

எனக்கே பயமாத்தாங்க இருந்துச்சு. நெசமாவே மண்டை கலங்கிடுச்சோன்னு அழுதிருக்கேன். வெண்பாதான் பாண்டிச்சேரியில ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிக்கிட்டுப் போனா. சத்தம் கேட்டு எழுந்து போயிப் பாக்குறீங்களே, பூனைதான்னு தெரிஞ்சா மனசு அடங்குதான்னு கேட்டாங்க. அடங்குதுன்னேன். அந்தப் பூனையை யாராவது அனுப்பி வச்சதாத் தோணுதான்னு கேட்டாங்க. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. பூனையை எதுக்குங்க அனுப்பப் போறாங்க, அது பாலுக்கு வருது. அப்ப இது சந்தேகம் இல்ல, அடிபட்ட ஒடம்பு காவல் காக்குதுன்னாங்க. மாரியம்மாள் எனக்குக் கொழம்புல மருந்து வச்சிடுச்சுன்னு, யாரு எடுத்துச் சொன்னாலும் கேக்காம நான் நின்னா, அதுதான் வேற. அதுக்கு மாத்திரை வேணும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லன்னும் சொன்னாங்க. எனக்கு இப்போதைக்கு மாத்திரை வேணாம், தூக்கமே கெட்டுப்போச்சுன்னா ஒடனே வான்னாங்க.

மாத்திரை இல்லாம என்ன பண்றேனா? காலைத் தரையில நல்லா அழுத்தி வச்சுக்கணும். மூச்சை மெதுவா வுடணும். அப்பறம் நடந்ததை வாய்வுட்டு சொல்லணும். இது டம்ளரு. கீழ வுழுந்துச்சு. போட்டது மாரியம்மாள். அவரு இல்ல. அவ்ளோதான், கொஞ்ச நேரத்துல படபடப்பு கொறைஞ்சிடும். இதைத்தான் அது செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்குது. கனகா தன்னால பேசுது, அதுவும் என் பேரைச் சொல்லிப் பேசுதுன்னு தெரு பூரா சொல்லிடுச்சு.

சிரிங்க, பரவால்ல. என்னால எம்பொண்ணு கல்யாணம் நின்னுடுமோன்னு நானும் பயந்துக்கிட்டுதான் இருந்தேன். வெண்பாவுக்கு உங்க பையனை ரொம்பப் புடிச்சிருக்குது.

சம்மதம்ங்கறீங்களா? சந்தோசம். அதை ஏங்கக்கா இவ்ளோ மெதுவா சொல்றீங்க? திரும்பிப் பாக்காதீங்க, அவரு இன்னும் போன்லதான் இருக்காரு. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

வந்ததும் உங்க பையன் செவுத்துல இருக்குற ஃபேன் சுவிட்சைக் கூட்டி வைக்கறதுக்கு உங்க தலைக்கு மேல கையைக் கொண்டு போனாரு. நீங்க என்கிட்ட பேச்சை நிறுத்தவே இல்ல. ஆனா அந்தப் பக்கத்துத் தோளு மேல ஏறிச்சு, கன்னம் ஒதுங்கிச்சு. உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. வேற யாரும் பாத்திருக்க மாட்டாங்க. எனக்கும் அதே தோளுதாங்கக்கா.

என் புத்தி மேல எனக்கே நம்பிக்கை இல்ல பாருங்க, டாக்டரம்மா போயிப் பாக்கத்தான சொன்னாங்க, பாத்துடுவோம்னு நெனச்சேன். நாள் பாக்கலாம்னு சொல்லி நானும் உங்க தலைக்கு மேலதான் கையை நீட்டி காலண்டரை எடுத்தேன். நீங்க அசையவே இல்ல.

பொண்ணு குடுக்க முடியாதுங்கக்கா. வெண்பா அழுவா, எனக்கும் நெஞ்சு வலிக்குது, இருந்தாலும் முடியாது. நான் வேணாம்னு சொன்னா அந்தக் கோவத்தைக் காருல வச்சு உங்க மேல காட்டுவாரு. அதனால பழி என் மண்டை மேலயே இருக்கட்டும், நீங்க எதுவும் பேச வேணாம், நான் சொல்றதுக்குத் தலையை மட்டும் ஆட்டுங்க. பின்னால ஒருநா உங்க ஊரு ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து பஸ்ஸு ஏறித் தனியா வாங்க, எத்தினி நாளு வேணும்னாலும் இருங்க. கண்ணைத் தொடைச்சுக்கங்க, வராரு.

வாங்க தம்பி, உக்காருங்க. எனக்கு மண்டை சரியில்லன்னு அம்மாகிட்ட இப்பதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.