பிடி விட்ட கம்பி

இந்த அறைக்குப் போட்டிருக்கும் பீம் நல்ல வேலை. பயப்படாமல் உட்காருங்கள், சார்.

வீடு கட்டிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. கம்பி தடிமனாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. கான்கிரீட் அதை இறுகப் பிடித்திருக்க வேண்டும். பிடி இருந்தால், பாரம் ஏறும்போது பீமின் அடியில் மயிரிழை வெடிப்புகள் நிறைய விழும். பீம் வளைந்து கொடுத்துத் தாங்கும். பிடி இல்லையென்றால் கம்பி உள்ளேயே வழுக்கும். ஒன்றிரண்டு வெடிப்பு வாயைப் பிளக்கும். பிறகு அவகாசம் கிடைக்காது.

என் மகள் தாயில்லாப் பெண். ஒரு தையல்காரரைக் கட்டிக்கொண்டு போனாள். மரியாதையான ஆள்தான், குறை சொல்ல மாட்டேன். "எங்க வீட்டை நீங்கதான் கட்டித்தரணும் மாமா" என்று அவரே வந்து கேட்டார். மறுக்க மனம் வரவில்லை.

முன்னறை பீமுக்குக் கம்பி கட்டிவிட்டு ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பலகையில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கப் பூசும் எண்ணெய் வாளியில் இருந்தது. அதைக் கம்பிகளுக்குப் பூசினேன். பிடிப்புக்காகக் கம்பி முனைகளைக் கொக்கி போல வளைப்பார்கள்; அது வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். வெடிப்பு விழுந்தால் மகள் பயந்துபோய் என்னிடம் வந்துவிடுவாள். அவ்வளவுதான் என் எண்ணம். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டியை அந்த பீமுக்கு நேர் மேலே வைக்கச் சொன்னதும் நான்தான். "மிஷினை இங்க போடுங்க மாப்பிள்ளை, வெளிச்சம் நல்லா விழும்" என்று கீழே இடம் காட்டினேன். அவர் அங்கேயே உட்கார்ந்து தைத்தார்.

குடியேறிய பின் மகள் போன் செய்தாள்.

"அப்பா, பீம்ல வெடிப்பு விட்டிருக்கு. விரலே நுழையுது."

"பூச்சுதாம்மா விட்டிருக்கும். நீ நாலு நாள் இங்க வந்து இரு. ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்றேன்."

"அவரையும் கூட்டிட்டு வரட்டுமா?"

"அவருக்கு வேலை கெட்டுடும். இருக்கட்டும்."

வந்தாள். ஆள் யாரையும் நான் அனுப்பவில்லை. அவளுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மிஷினையும் அவரையும் சேர்த்தே வெளியே எடுத்தார்களாம்.

புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். கோபத்தில் கொடுத்திருப்பாள். வெளியே பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறாள்? எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், சார், சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். அவளுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?