நான்கு டம்ளர் தண்ணீர்

என் பெயர் டெட்லெஃப் க்னோப், தகப்பனார் ஹின்ரிக், வயது 59, ஹாம்பர்க் நகர் பார்ம்பெக் பகுதியில் மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். மருத்துவமனை சி.டி. ஸ்கேன் அறையில் இருபத்தாறு வருடமாக உதவியாளர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் நாற்பதாயிரம் வயிறுகளைப் படம் எடுத்தவன். பொத்தானை அழுத்துவது வேறொருவர்தான் என்று விசாரணை அதிகாரி குறுக்கிட்டதால் சொல்கிறேன், வயிறு விரியத் தண்ணீர் கொடுப்பது நான். அது சரியில்லாவிட்டால் படமே இல்லை.

இரைப்பைப் புற்றுநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் டாக்டர்கள் படங்களை ஒப்பிடுவார்கள். பிறகு வயிற்றைத் திறந்ததும் யார் படம் சொன்னது பொய்யோ, அந்தப் பிரிவு மற்றவர்களுக்கு வெண்ணெய் கேக் வாங்கவேண்டும். பல வருடம் எங்களுக்கே கேக். போன வருடம் வீப்கெ ஹார்ம்ஸ் என்ற நர்ஸ் வந்தாள். நுனியில் ஒலியால் படம் பிடிக்கும் கருவி வைத்த குழாயை டாக்டர் வயிற்றுக்குள் இறக்க, இவள் கூட நிற்பாள். அதன்பின் தலைமை டாக்டர் ஆலெர்ஸ் என் பக்கம் திரும்புவதே இல்லை. "சுவருல எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு வீப்கெ படத்தப் பாத்துச் சொல்லுங்க" என்பார். "என்னண்ணே, இந்த வாரமும் கேக் உங்க செலவுதானா?" என்று அவள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

மார்ச் 12 செவ்வாய் காலை, ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஊவெ ஷ்ட்யூபனுக்குக் குழாய்ச் சோதனை முதலில், ஸ்கேன் பிறகு என்று அட்டவணை இருந்தது. மேலே குழாய்ச் சோதனை அறையில் தாமதம் என்றார்கள். நான் அவரை முந்தி அழைத்துத் தண்ணீர் கொடுத்தேன், படமும் எடுக்கப்பட்டது. அதன்பின் வீப்கெ ஃபோனில், "அண்ணே, அவருக்குத் தண்ணி கிண்ணி குடுத்துட்டீங்களா? வெறும் வயிறா இருக்கணும்" என்று கேட்டாள். "ஒரு சொட்டு குடுக்கல, அனுப்புறேன்" என்றேன். தண்ணீரில் ஒலி கலங்கிப்போய் அவள் படம் கெடும் என்பது என் கணக்கு.

பிறகுதான் தெரிந்தது, ஒலிக்குத் தண்ணீர் நல்ல வழியாம். அன்று அவளுக்குக் கிடைத்ததைப்போல் தெளிவான படம் எங்கும் கிடைத்ததில்லை; கட்டி சுவரைத் தாண்டியிருந்தது. எங்கள் படம் தாண்டவில்லை என்றது. ஆனால் மூன்றாவது நிமிடம், மயக்க மருந்தில் இருந்தவர் வாந்தியெடுத்து, தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விட்டது.

அதன்பின் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கப்பட்டார். கத்தி வைப்பதற்கு முன்னால் புற்றுநோய் மருந்து ஏற்றவேண்டும், நுரையீரல் ஆறாமல் ஏற்ற முடியாது, கட்டி காத்திருக்காது என்று டாக்டர் ஆலெர்ஸ் என்னைப் பார்த்தே சொன்னார். அந்த வருடத்தில் அவர் என்னைப் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

முதல் விசாரணையில் இரண்டு டம்ளர், மறதியாகக் கொடுத்தேன் என்றேன். அது பொய். நான்கு டம்ளர், தெரிந்தே கொடுத்தேன். நேற்று வராந்தாவில் ஷ்ட்யூபனின் மனைவி இங்கெ என்பவர் என் கையைப் பிடித்து, "நீங்கதான அவருக்குத் தண்ணி குடுத்தது? பயந்துபோய் இருந்தேன், அந்த ஆளு என் தலையத் தாங்கிப் பிடிச்சுக் குடுத்தாருன்னு அவரு பேச முடியாம எழுதிக் காட்டினாரு" என்று நன்றி சொன்னார். நான் மறுக்கவில்லை.

வாசித்துக் காட்டப்பட்டது. என் வாயால் சொன்னவை, யாரும் சொல்லவைக்கவில்லை, இந்தமுறை எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

(கையொப்பம்) டெ. க்னோப்