கலங்கரை விளக்கம் வர்றதுக்குள்ள

அந்தப் பலகையை நம்பாத மாப்ள. சுலபமான நடை, வயசானவங்களும் குழந்தைகளும் போலாம்னு போட்டிருக்கான். யாருக்குச் சுலபம்? போன வருஷம் வரைக்கும் உங்க அக்கா எனக்கு முன்னாடி விறுவிறுன்னு போயி, அந்த வளைவுல நின்னுக்கிட்டு, இன்னும் எந்தக் கல்லைப் படிச்சிட்டிருக்கீங்கன்னு கத்துவா. இன்னிக்கு டாக்ஸி பிடிச்சு ரோட்டு வழியா கலங்கரை விளக்கத்துக்குப் போயிட்டா. அங்க பெஞ்சுல உக்காந்திருப்பா. நாம கடலோரமாவே நடந்து போய்ச் சேரணும்.

மெதுவா வாயேன். வர்ற திங்கக்கிழமை உன்னைப் படுக்க வச்சு ஒரு கிட்னியை எடுக்கப் போறாங்க, அதை அவளுக்கு வைக்கப் போறாங்க. அது வரைக்கும் கால் இடறாம நட. உன் உடம்புல கொஞ்சம் இப்ப எங்க வீட்டுச் சொத்து. சிரிக்கலாம், தப்பில்ல. நான் சிரிக்கறதுக்குத்தான் சொன்னேன்.

இது பீரங்கி மேடை. எதிரிக் கப்பல்களை நடுநடுங்க வைத்தது, படிச்சியா? இது ஒரு தடவைகூட வெடிச்சதில்ல. பீரங்கி வந்து இறங்கறதுக்குள்ள சண்டையே முடிஞ்சுபோச்சு. மியூசியத்துல நானே இந்த மாதிரி பலகைதானே எழுதறேன், எனக்குத் தெரியும். நடுநடுங்கன்னு ஒருத்தன் எழுதினா, அவனுக்கு வருஷம் தெரியலன்னு அர்த்தம்.

என்ன? ஏதோ சொல்ல வர்றியா? இரு, இந்தச் சர்ச்சுக்குள்ள போய்ப் பாத்துடுவோம். செருப்போடயே வா, பரவால்ல.

மேல பாரு. கூரைலேர்ந்து தொங்குதே, மரத்துல செஞ்ச குட்டிக் குட்டிக் கப்பல். பொழைச்சு வந்த மாலுமிங்க நேர்ந்துக்கிட்டு மாட்டினது. இதோட கயிறு, மரம், வர்ணம் எல்லாத்தையும் நான் ஒரு நாள் உங்க அக்காவுக்கு விளக்கு விளக்குன்னு விளக்கினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, இதெல்லாம் கரை சேந்தவங்க மாட்டினது, சேராதவங்களுக்கு எங்க ஆணி அடிச்சிருக்குன்னு கேட்டா. அப்ப அவ நல்லாத்தான் இருந்தா. சும்மா கேட்டா.

வா, வெளில போலாம். மெழுகு வாசனை ஒத்துக்கல.

இல்ல மாப்ள, ஒண்ணும் இல்ல. உங்க அக்கா ஒரு வேலை குடுத்து அனுப்பியிருக்கா. கலங்கரை விளக்கம் வர்றதுக்குள்ள என் தம்பிகிட்ட ஒரு விஷயம் சொல்லிடுங்க, நான் சொன்னா அழுதுடுவான்னா. சொல்றேன், சொல்றேன். வழி இன்னும் இருக்குல்ல.

இந்த வெள்ளைச் சுவருக்குள்ள இருக்கறது ஒரு சமாதி. யாரோடதுன்னு ஆளாளுக்கு ஒரு கதை. பலகை எழுதினவன் கெட்டிக்காரன், ஒரு மகான்னு போட்டுட்டு ஒதுங்கிட்டான். இங்க நின்னு பொய் சொன்னா வாய் கோணிக்குமாம். அதனால யாரும் இங்க பேசறதே இல்ல. நாமளும் பேசாமத் தாண்டிடுவோம்.

ம். இப்பப் பேசலாம்.

காலைல மாடில நின்னு ஸ்பீக்கர்ல போட்டு போன் பேசினியே, உன் சம்சாரம் அழற சத்தம் கீழ வரைக்கும் வந்துச்சு. நான் ஒட்டுக் கேக்கல, காதுல விழுந்துச்சு. ரெண்டும் வேற. உங்க அக்கா காதுலயும் விழுந்துச்சு. அதுலேர்ந்து நீ என்கிட்ட ஏதோ சொல்ல வாயெடுக்கறே, நான் அடுத்த பலகைக்குப் போயிடறேன். எனக்கே தெரியுது.

சரி, இங்க நில்லு. இந்த இடத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். கடல் பாறையைக் குடைஞ்சுக்கிட்டு உள்ள போயிருக்கு பாரு. பெரிய அலை புகுந்துச்சுன்னா உள்ள போய் முட்டி, அந்த ஓட்டை வழியா மேல பீய்ச்சி அடிக்கும். அப்ப பக்கத்துல நிக்கறவன் கத்தினாலும் கேக்காது. பலகைல இதைப் பத்தி ஒரு வரி இல்ல. நடைபாதைலயே உருப்படியான ஒண்ணு இதுதான்.

பொய் சொன்னா நான் மூக்கைச் சொறிவேனாம். கல்யாணமான புதுசுலயே கண்டுபிடிச்சுட்டா. இப்பப் போனதும் முதல் கேள்வி, சொல்லிட்டீங்களான்னுதான் இருக்கும். என் மூக்கைப் பாத்துக்கிட்டேதான் கேப்பா. அதனால சொல்லியாகணும். ஆனா எந்த இடத்துல நின்னு சொல்லணும்னு அவ சொல்லல.

இரு, பெரிய அலை வருது. கிட்ட வா. அவ்வளவு கிட்ட வேணாம், வழுக்கும்.

உங்க அக்காவுக்கு உன் கிட்னி வேணாமாம். ரெண்டு சின்னப் பிள்ளைங்களை வச்சிருக்கான், கரண்டு கம்பம் ஏறிப் பொழைக்கறவன், டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பிடுங்கன்னா. அவ சொன்னது அவ்வளவுதான். எனக்கு அவ வேணும் மாப்ள. இது நானாச் சேத்துக்கிட்டது.

அம்மாடி. சட்டையெல்லாம் நனைஞ்சுடுச்சே. கண்ணாடியைக் குடு, தொடைக்கறேன்.

சொல்லிட்டேன்பா. என்னவா? அப்ப உனக்கு விழல. சரி. அவ கேட்டா, மாமா என்னமோ சொன்னாருன்னு மட்டும் சொல்லு. அது உண்மைதானே.

ஆனா நீயும் வாயசைச்சே. பாத்தேன். அலை இறங்கற வரைக்கும் ஏதோ நீளமாச் சொல்லிட்டே இருந்தே, என் கையை வேற பிடிச்சுக்கிட்டு. எனக்கும் ஒண்ணும் விழல.

வேணாம். இப்ப மறுபடி சொல்லாத. அதோ பாரு, உங்க அக்கா பெஞ்சிலேர்ந்து எந்திரிச்சு கையாட்டறா. மூஞ்சியைத் துடைச்சுக்க. நீயும் ஆட்டு. ஆட்டிக்கிட்டே வா, நடுவுல இன்னும் ஒரு பலகை இருக்கு, அதையும் நின்னு படிச்சுட்டுப் போயிடுவோம்.