வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் ஏழரை மணி

ஜூரி அறையில் தந்த பிஸ்கட் மோசமில்லை. தேநீரைத்தான் வாயில் வைக்க முடியாது. ஒன்பது நாளும் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோனேன். எங்கள் தீர்ப்பைப் பற்றி விசாரிக்க வந்த நீங்கள், எந்த மொழி வசதியோ அதில் எழுதித் தரச் சொன்னீர்கள். தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்கிறவர் எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

என் பெயர் தேவராஜா. ஐம்பத்தொன்பது வயது. சிட்னி ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருவராக வரச் சொல்லி ஜூரிக் கடிதம் வந்தால் எங்கள் ஆட்கள் முதுகுவலி, தலைச்சுற்று என்று ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிவிடுவார்கள். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். இந்த நாடு என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

குற்றம் சாட்டப்பட்டவன் அனோஜன், இருபத்தொன்பது வயது. இலங்கையிலிருந்து படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமில் மூன்று வருடம் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே வந்திருந்தான். ஹோம்புஷில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல் வேலை செய்து, முதலாளி பிரேம்நாத்தோடு சண்டை பிடித்து விலகியவன். ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு அந்தக் கடையின் பின்கதவில் யாரோ இரும்புக் கம்பியால் அடித்ததில் பிரேம்நாத்துக்கு ஒரு கண் போய்விட்டது. எதிர் மாடியில் நின்ற ஒரு பெண் அடித்தவனை அனோஜன் என்று அடையாளம் காட்டினாள். தீர்ப்பு அவனுக்கு எதிராக வந்தால் சிறை. சிறை முடிய, விசா இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தமிழனுக்கு இதைச் சொல்லித் தரவும் தேவையில்லை.

சம்பந்தப்பட்டவர்களை யாருக்காவது தெரியுமா என்று முதல் நாள் நீதிபதி கேட்டார். பெயர்களை வாசித்தார்கள். ஒரு பெயரும் எனக்குத் தெரியாது. அவன் முகத்தை மட்டும் ஒரு தரம் கண்டிருக்கிறேன். பேசியதில்லை. ஒரு தரம் கண்டதற்கெல்லாம் தெரியும் என்று சொல்லலாமா? பேசாமல் இருந்தேன்.

எங்கே கண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் என் மனைவியின் திவசம். வாழைக்காயும் வெற்றிலையும் வாங்க வென்ட்வேர்த்வில் போய், ஸ்டேஷனுக்கு எதிரே காரை நிறுத்தினேன். அங்கே வாசல் வாங்கில் என் மகள் மயூரா உட்கார்ந்திருந்தாள். அவள் பல் டாக்டர். “அப்பா, இண்டைக்குக் கிளினிக்கில நேரமாகும், என்னைப் பார்க்காம நீங்க சாப்பிடுங்கோ” என்று ஆறு மணிக்குப் போன் எடுத்தவள். பக்கத்தில் ஒருவன். அவள் பார்சலைப் பிரித்து, ரோல்ஸ் ஒன்றை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவனுக்குக் கொடுத்தாள். கார் மணிக்கூட்டில் ஏழு இருபது. எட்டு மணி வரை அவர்கள் எழும்பவில்லை. நானும் காரை விட்டு இறங்கவில்லை. வாழைக்காய் வாங்காமலே வீட்டுக்குப் போனேன். அப்படி ஒரு கோபம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் மெல்பேர்னில் என் தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன். துணைக்குப் போகச் சொன்னேன். போனாள், அங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டாள். அனோஜனைப் பொலிஸ் பிடித்தது அதற்குப் பிறகு. அவன் அவளுக்குச் சொல்லவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. தன்னைக் கைவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் அவனே சாட்சி சொன்னான். அந்த நேரம் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இருந்தேன் என்றான். ஸ்டேஷன் கேமராப் பதிவு அதற்குள் அழிந்திருந்தது. யாரோடு இருந்தாய் என்று அரசு வக்கீல் மூன்று தரம் கேட்டார்.

“ஒரு பிள்ளையோட இருந்தனான். நல்ல குடும்பத்துப் பிள்ளை. அவவின்ர பேரை நான் கோர்ட்டில சொல்ல மாட்டன்.”

அவனுடைய வக்கீல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த அறையில் கேட்ட சாட்சியத்தை மட்டுமே வைத்துத் தீர்மானியுங்கள், வெளியே தெரிந்தது எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள் என்றார் நீதிபதி. எனக்கு அது புதிதல்ல. பெயர் ஒட்டாத குழாயில் வந்த இரத்தத்தை நாங்கள் பரிசோதிப்பதில்லை. யாருடையது என்று நன்றாகத் தெரிந்தாலும் வீசிவிடுவோம். நான் கார்க் கண்ணாடி வழியாகக் கண்டது சாட்சியம் அல்ல. ஆகவே அதை ஜூரி அறையில் சொல்லவில்லை. அதுவரை நான் சட்டப்படிதான் நடந்தேன்.

முதல் வாக்கில் ஆறு பேர் அவனை விடலாம் என்றார்கள். ஐந்து பேர் குற்றவாளி என்றார்கள். நான் யோசிக்க வேண்டும் என்றேன். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, நல்ல பெண், என் பக்கம் திரும்பினாள். நீங்களும் அவனுடைய இனத்து ஆள்தானே, ஒரு பெண்ணின் பெயர் கெடக்கூடாதென்று உங்களில் ஒருவன் ஜெயிலுக்கே போவானா என்று கேட்டாள். பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. நானும் பதில் சொல்லியிருக்கக் கூடாது.

அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் இல்லை என்றேன். உண்மையாக ஒருத்தி இருந்தால், எங்கள் பெடியன் அவளை மட்டுமல்ல, அவளுடைய தாய் தகப்பன், மாமா மாமி எல்லாரையும் கூட்டிவந்து கோர்ட்டை நிரப்பியிருப்பான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தாள். பிறகு அவள் தன் குறிப்புப் புத்தகத்தை மூடினாள். அவளோடு, விடலாம் என்ற மற்றவர்களும் மாறினார்கள்.

அவனுக்கு ஆறு வருடம் கொடுத்தார்கள். போன மாதம் யாரோ சொல்லி மயூராவுக்குத் தெரியவந்து, அவள் சிட்னிக்கு வந்து, அந்தப் பிள்ளை நான்தான் என்று வாக்குமூலம் கொடுத்தாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரைத்தான் பின்னால் போடுவோம். மயூரா தேவராஜா. ஜூரிப் பட்டியலில் தேவராஜா என்ற பெயரை நீங்கள் கண்டதில் ஆச்சரியம் இல்லை. அவள் என் வீட்டுக்கு வரவில்லை. ஹோட்டலில் தங்கியிருக்கிறாள்.

அவனை எனக்குப் பிடிக்காததால் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். படகில் வந்தவனுக்கு மகளைக் கொடுக்க எனக்கு மனமில்லை என்பது உண்மை. ஆனால் என் மகளின் பெயரைச் சொல்லாமல் அவன் அங்கே நின்றபோது, இப்படி ஒரு மருமகன் தேடினாலும் கிடைக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். ஜூரி அறையிலும் அதையே நினைத்தேன். நினைத்து முடித்த பிறகுதான், குற்றவாளி என்று கையைத் தூக்கினேன்.