பத்து கோடி டிகிரி வரன்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணி. நந்தனத்தில் மெட்ரோ ஏறிய ஒரு தம்பதி, முந்தின நாள் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அணுக்கரு இணைவு ஆய்வகத்தில் பொறியாளராம்.

“பத்து கோடி டிகிரி சூடாம். எந்தப் பாத்திரம் தாங்கும்? புளுகறான்” என்றார் கணவர்.

“அது பாத்திரத்துலயே படாதாமே. பிளாஸ்மான்னு அந்தக் கொதிக்கற வாயுவைக் காந்தத்தால அந்தரத்துல பிடிச்சுண்டு இருப்பாளாம்.”

“சுவர்ல பட்டா வெடிச்சுடுமா?”

“அணைஞ்சுடுமாம்.”

“எத்தனை நாழி எரியறதாம்?”

“சில செகண்ட்.”

“அதுல கரண்ட் வரதா?”

“இதுவரைக்கும் வரதைவிடப் போடறதுதான் ஜாஸ்தின்னு அவனே சொன்னானே.”

“அப்போ எதுக்கு ஆபீஸ் போறான்? வேண்டாம்னு சொல்லிடு.”

“உங்க பொண்ணு நேத்தே சரின்னுட்டா. வந்து பார்த்தவாள்ல, தன் வேலை இன்னும் ஒப்பேறலைன்னு தானா சொன்னவன் இவன் ஒருத்தன்தானாம்.”