ஷெவர்லேயின் வலப்பக்கம்

“ஹலோ... ஓம், நான்தான். வேற ஆர் இஞ்சை இருக்கினம் போன் எடுக்க... ஓம், ஓம், சொல்லுங்கோ.”

யோகமலர் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள். வலக்கையில் மெல்லிய பிறஷ் ஒன்று இருந்தது. அதன் நுனியில் ஒரு துளி வெள்ளிப் பெயின்ற். நேரம் போனால் தடித்துவிடும். மேசையில் விரித்த பழைய பேப்பருக்கு மேல், ஒரு சாண் நீளமான பிளாஸ்ரிக் கார் நின்றது. ஐம்பத்தேழாம் ஆண்டு ஷெவர்லேயின் மொடல். அதன் ஜன்னல் விளிம்பில் அவள் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

அழைத்தவன் ஸ்ரீதரன், அவளுடைய புருஷன். பனி கொட்டத் தொடங்குமுன்னர் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் இந்த அப்பாட்மென்றை விட்டு, மில்லிக்கன் பகுதியில் சஜிதா என்ற பெண்ணோடு இருக்கப் போனவன்.

“ஓம்... வீட்டில ஹீற் வருது... இல்லை, இருமல் மாறிட்டுது... ஓம், ஓம், சாப்பிடுறன்.”

சுகம் விசாரிக்க அவன் அழைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சுற்றி வளைத்து வருவதுதான் அவன் பழக்கம். கலியாணமான புதிதிலும், தேத்தண்ணி வேண்டுமென்றால் வெளியே குளிர் எப்படி என்றுதான் தொடங்குவான்.

“என்ன, இப்ப என்னை ‘நீங்கள்’ எண்டுறியள்?... இல்லை, சும்மா கேட்டன். முந்தி ‘நீர்’ எண்டுதானே கூப்பிடுறனியள். நான் அவ்வளவு தூரத்துக்குப் போயிட்டன் போல... சரி, சரி. வந்த விசயத்தைச் சொல்லுங்கோ.”

விஷயம் கார்தான்.

“நிக்குது. நீங்கள் விட்டிட்டுப் போன மேசையிலதான் நிக்குது... ஓம், தொட்டனான். நான் தொடாமல் வேற ஆர் தொடுறது?... பயப்பிடாதேங்கோ, ஒண்டும் உடையேல்லை. இடப்பக்கம் முழுக்க முடிச்சிட்டன். வலப்பக்கத்தில பின் ஜன்னலும், முன்னுக்குக் கிறில் கம்பியளும்தான் மிச்சம்.”

அவன் விட்ட பெருமூச்சு அவளுடைய காதுக்குள் கேட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொடல் கார் கிளப்பின் வருடாந்தப் போட்டி. அதற்கு வைக்க அவனிடம் புதுக் கார் இல்லை.

கார்களை ஒட்டுவது அவன்தான். பெட்டியைப் பிரித்து, துண்டுகளை வெட்டித் தேய்த்து, பொருத்தி, பல்கனியில் நின்று காரின் உடலுக்குப் பெயின்ற் ஸ்பிறே அடிப்பான். அதுவரைக்கும் அவன் கை நல்ல கை. நுணுக்கமான இடம் வந்தால் நடுங்கும். முதற் காரின் ஜன்னலெல்லாம் வெள்ளியை அப்பிவிட்டு, அதைக் குப்பைக்குள் எறியப் போனவனிடம் வாங்கி, துடைத்து, திரும்பக் கோடு கீறிக் கொடுத்தவள் யோகமலர். பள்ளிக்கூடத்தில் கரப்பொத்தானின் வாயுறுப்புகளைப் பிசகாமல் வரைந்த கை அவளுடையது. அன்றிலிருந்து விளிம்புக் கோடுகள், மீற்றர் முட்கள், பின்பக்கத்து எழுத்துகள் எல்லாம் அவளுடைய வேலையாகிவிட்டன. பகல் முழுக்கப் பிஸ்கற் ஃபக்ரறியில் நின்ற கால்களைச் சுடுதண்ணி வாளிக்குள் வைத்துக்கொண்டு அவள் பெயின்ற் பண்ணுவாள். அவன் பக்கத்தில் இருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். அந்த நேரங்களில் அவர்கள் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. பிள்ளை இல்லாததற்குப் பெயின்ற் கரைக்கும் ரின்னரின் மணம்தான் காரணம் என்று அவனுடைய மாமி சொன்னபோதுகூட இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பரிசுகளில் அவன் பெயர்தான் இருந்தது. போட்டி மண்டபத்தில் வெள்ளைக்காரர் குனிந்து பார்த்து, கோடு போட்டது யார் என்று கேட்டால் தானே என்பான். மனுசி பிறஷ் கழுவித் தருவாள் என்று ஒரு பகிடியும் விடுவான். அவளும் தேத்தண்ணி ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் நின்று சிரிப்பாள். வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பேருக்கு உண்மை தெரிந்தால் போதும் என்று அன்றைக்கு நினைத்தாள்.

போகும்போது பரிசுகளையும் முடிந்த கார்களையும் அடுக்கிக் கொண்டுபோய்விட்டான். அரைகுறையாக நின்ற ஷெவர்லேயை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அதை எடுக்கவாவது வருவான் என்று அவள் முதலில் நம்பியிருந்தாள். பிறகு, வேலை முடிந்து வந்தால் கை சும்மா இருக்கவில்லை; மிச்சக் கோடுகளை இழுக்கத் தொடங்கிவிட்டாள்.

“ஓம், இண்டைக்கே முடிக்கலாம்... நீங்கள் எப்ப வாறியள்?... என்ன?... ஆர் வாறா?”

பிறஷை ரின் மூடியில் வைத்தாள்.

“சஜிதாவோ... ஏன், உங்களுக்கென்ன... ஓவர்ரைமோ... ம்... எப்ப?... இப்பவோ?... ஆ, அவ வெளிக்கிட்டாப் பிறகுதான் எனக்குச் சொல்லுறியள்... சரி, வரட்டும். நான் அவவைக் கடிக்க மாட்டன்.”

அவனுக்குப் பின்னால் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தி, வாயைப் போனுக்குக் கிட்ட வைத்துக் கதைத்தான். அவளுக்கு இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

“கீழயோ?... ஏன் கீழ கொண்டந்து குடுக்க வேணும்? பெயின்ற் ஈரம், அதோட எலிவேற்றரில ஏறி இறங்கேலுமோ. உங்களுக்குத் தெரியாதே... இல்லை, மேல வரட்டும். இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும்... சண்டை பிடிக்க மாட்டன் எண்டு சொல்லுறன்... அப்ப என்ன?... மேசையோ? மேசையில அவ பாக்கக் கூடாதது என்ன கிடக்கு...”

கேட்டுக்கொண்டே மேசையைப் பார்த்தாள். பெயின்ற் ரின்கள், மாஸ்கிங் ரேப், பழந்துணி, பிறஷ்.

“பிறஷை ஏன் அவ பாக்கக் கூடாது?”

அவன் இருமினான். பிறகு வேகமாக ஏதோ சொன்னான்.

“ஓ... பெயின்றும் நீங்கள்தான் எண்டு சொல்லியிருக்கிறியள்... ம்... ம்... இல்லை, அதுக்குக் கோவமில்லை. ஊருக்கெல்லாம் அப்பிடித்தானே சொன்னனியள். அப்ப என்னை என்னெண்டு சொன்னனியள்?... இல்லை, சொல்லுங்கோ. உங்கட கார் இஞ்சை ஏன் நிக்குதெண்டு அவ கேட்டிருப்பாதானே... என்ன?... நானோ?... நான் தரமாட்டன் எண்டு பிடிச்சு வைச்சிருக்கிறனோ?”

யோகமலர் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“சொல்லுங்கோ, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்... உங்கட பெயின்ற் ரின்னுகளை நான் குப்பைக்குள்ள கொட்டினனோ... இந்தக் கார்களை எனக்குக் கண்ணில காட்டேலாதோ... ம்... அதாலதான் நீங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டதோ.”

அவன் போனதை அவள் ஒருமாதிரித் தாங்கிக்கொண்டிருந்தாள். மனம் மாறுகிறது, போகிறார்கள். இந்தக் கட்டடத்திலேயே ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கதை உண்டு. ஆனால் அந்த மேசையடி நேரம் மட்டும் அவர்களுடைய கலியாணத்தில் பழுதில்லாமல் இருந்தது. அதைத்தான் அவன் எடுத்து, பிரிந்ததற்குக் காரணமாக்கி, இன்னொருத்தியிடம் சொல்லியிருக்கிறான். சஜிதாவின் மனதில் இருக்கும் யோகமலர், பிறஷைப் பிடுங்கி எறிகிற ஒரு பொல்லாத பொம்பிளை.

போனுக்குள் ஒரு சின்ன ஒலி விட்டுவிட்டுக் கேட்டது. கீழ்வாசலில் நின்று வீட்டிலக்கத்தை அழுத்தினால் அந்தக் கட்டடத்தில் அழைப்பு போனில்தான் வரும்.

“பொறுங்கோ, மற்ற லைன் அடிக்குது... பொறுங்கோ எண்டுறன்.”

பட்டனை அழுத்தினாள்.

“ஹலோ... ஓம், நான்தான் யோகமலர்... ஓம், இப்பதான் சொன்னவர்... இல்லை, இல்லை, அதில நிக்காதேங்கோ, குளிர். மேல வாங்கோ... அவர் அப்பிடிச் சொன்னாலும் பரவாயில்லை, வாங்கோ. எலிவேற்றரால இறங்கி இடக்கைப் பக்கம்.”

அவள் நினைத்ததைவிட இளம் குரல். அதில் பயம் இருந்தது. யோகமலருக்கு அந்தப் பயத்தில் கோபம் வரவில்லை. அதை ஊட்டியவனை நினைத்துத்தான் நெஞ்சு கசந்தது. போனில் ஒன்பதை அழுத்திக் கீழ்வாசல் கதவைத் திறந்துவிட்டு, பழைய லைனுக்கு வந்தாள்.

“ஓம், அவதான்... மேல வாறா... திறந்துவிட்டிட்டன்... இல்லை, நான் ஒண்டும் சொல்லப்போறதில்லை. வேலை மிச்சம் கிடக்கு, இருந்து முடிக்கப்போறன். அவ பாக்கட்டும்... உங்கட வாழ்க்கையை நான் குழப்புறனோ? பெயின்ற் பண்ணினால் உங்கட வாழ்க்கை குழம்புமோ?... கத்தாதேங்கோ, வேலை இடத்தில நிக்கிறியள்.”

அவன் கத்தினான், பிறகு கெஞ்சினான். அவள் இடைக்கிடை “ம்” என்றாள். பிறகு அவன் குரல் மாறியது. நீளமாக, ஆறுதலாக என்னவோ சொன்னான். அதில் பழையபடி ‘நீர்’ வந்தது.

“என்ன சொன்னனியள்?... என்ர கை மாதிரி ரொறன்ரோவில ஒரு கையும் இல்லையோ.”

எத்தனை மண்டபங்களில் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லுக்காக நின்றிருக்கிறாள். அது இப்போது வந்தது, ஒருவருக்கும் கேட்காத போனுக்குள்ளால், அவளுடைய வாயை அடைப்பதற்காக. அப்படியிருந்தும் ஒரு கணம் அது இனித்தது. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கதவு தட்டப்பட்டது. போனோடு போய்த் திறந்தாள். சப்பாத்தில் பனி உருக, ரிஷ்யூத் தாள் விரித்த வெறும் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி சஜிதா நின்றாள். ஏச்சு வாங்க வந்தவள் போல முதலில் நிலத்தைப் பார்த்தாள். பிறகு யோகமலரின் விரல்களைப் பார்த்தாள். நகத்தோரமெல்லாம் வெள்ளி. அங்கிருந்து அவளுடைய கண் மேசைக்குப் போய், அங்கேயே நின்றது.

“கேட்டன். நல்ல வடிவாக் கேட்டது... ஓம், எனக்குச் சந்தோசம்தான். அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ... எனக்கில்லை. அவ வந்திட்டா, எனக்கு முன்னாலதான் நிக்கிறா. போனைக் குடுக்கிறன், அவவுக்குச் சொல்லுங்கோ.”

போனை நீட்டினாள். சஜிதா பெட்டியை ஒரு கைக்கு மாற்றி, போனைக் காதில் வைத்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள். பிறகு ஒன்றும் விளங்காதவளாகப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

யோகமலர் காதில் வைத்தாள். மெஷின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது; அவன் இன்னும் லைனில்தான் நின்றான்.

“வைச்சிட்டார்,” என்றாள். “சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து இருங்கோ.”