மூன்று பன்றித் தலைகள்

பிளிண்டர்ஸ் தெருவில் டாண்டினோங் ரயில் ஏறினேன். எதிரே ஒரு தாய், தகப்பன், வளர்ந்த மகள். வண்டியில் எவருக்கும் தமிழ் விளங்காது என்ற துணிவில் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் விரிவுரைக் குறிப்புகளில் கண்ணை வைத்திருந்தேன்.

“பன்றித் தலையோ?” என்றாள் தாய்.

“ஓம், மூண்டு” என்றார் தகப்பன். “என்ர தம்பி லண்டனிலை இருந்து இவள் கட்டப்போற வெள்ளைக்காரப் பெடியன்ர பரம்பரை ஊருக்கே போய் விசாரிச்சவன். அங்கத்தைய தேவாலயச் சுவரிலை அவையின்ர குடும்பச் சின்னம் போட்ட கேடயம் தொங்குதாம். அதிலைதான் பன்றி.”

“இஞ்சேருங்கோ, நாங்கள் சைவம். சனம் என்ன சொல்லும்?”

“மிச்சமெல்லாம் திறம். தரையிலை பதிச்ச கல்லறைப் பித்தளைத் தகட்டிலை, செதுக்கின உருவமா, அவையின்ர பாட்டன் ஒராள் வாளோடை படுத்திருக்கிறாராம். தேவாலயத்திலை குந்தியிருந்து கும்பிட அவைக்கெண்டு கதவு வைச்ச மர வாங்கும் இருக்காம். வேறை ஒருத்தரும் அதிலை இருக்கேலாது.”

தாயின் முகம் மலர்ந்தது. “அப்ப எங்கட ஆக்கள் மாதிரிக் கோயிலிலை முதல் மரியாதைக்காரர்தான். பன்றியை வராக அவதாரம் எண்டு சொல்லுவம்.”

“அது பெருமாளெல்லோ?”

“கலியாணம் முடியுமட்டும் பெருமாள் பொறுப்பார்.”

யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். “அம்மா, அவர் அந்த வீட்டுக்காரர் தத்தெடுத்த பிள்ளை. பெத்தவை ஆரெண்டு அவருக்கே தெரியாது. ஆனால் நான் அவரைத்தான் கட்டுவன்.”

அடுத்த நிலையத்தில் வண்டி நின்றது. பிறகு தகப்பன் தொண்டையைச் செருமினார்.

“அப்ப அந்தப் பன்றி அவரின்ர இல்லை.”

“வாங்கும் போச்சு” என்றாள் தாய்.